பத்தொன்பது வரிகளுக்கு ஓர் உரை

உலக சுகாதார நிறுவனம் 2008 ஜூன் மாதம் ஒரு பக்கத் தாள் ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சிறிது திருத்தப்பட்ட அந்தத் தாள்தான் இன்று உலகெங்கும் அறுவை அரங்குகளின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் என்று சொல்லலாம். தியேட்டரில் வேலை செய்பவர்கள் செக்லிஸ்ட் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் தலைமையில் உருவான அதில் 19 வரிகள், மூன்று பகுதிகள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் ஒன்று, தோலைக் கீறுவதற்கு முன் ஒன்று, நோயாளியை அரங்கிலிருந்து வெளியே கொண்டுபோவதற்கு முன் ஒன்று.

எழுதியவர்கள் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். டொராண்டோ, சியாட்டில், லண்டன், ஆக்லாந்து போன்ற வசதியுள்ள நகரங்களோடு அம்மான், மணிலா, தில்லி, தான்சானியாவின் இஃபகாரா என்று மொத்தம் எட்டு இடங்கள். இடத்துக்கு ஒரு மருத்துவமனை. செக்லிஸ்ட் வருவதற்கு முன் அறுவை செய்துகொண்ட 3,733 பேரையும், வந்தபின் செய்துகொண்ட 3,955 பேரையும் ஒப்பிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆயின. புதுக் கருவி எதையும் நம்பி நடந்த மாற்றம் இல்லை இது. பெரும்பாலும் ஆட்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதால் நடந்தது.

சுருங்கச் சொன்ன நூலுக்கு உரை வேண்டும். இந்தத் தாள் மிகச் சுருக்கமானது. அதனாலேயே தவறாகப் படிக்கப்படுகிறது. டிக் அடித்துக் கேஸ் ஷீட்டில் சேர்க்க வேண்டிய படிவமாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். அது வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை. கேட்க ஒருவர், பதில் சொல்ல ஒருவர் இல்லாமல் அதில் ஒரு வரிகூட நிறைவேறாது. அந்த எண்ணத்தோடுதான் இதற்கு உரை எழுதுகிறேன். மூலத்தின் கருத்தைத் தமிழில் என் சொற்களில் தருகிறேன்.

முதல் பகுதி: மயக்க மருந்துக்கு முன்

*நோயாளி தான் யார், எந்த இடத்தில் அறுவை, என்ன அறுவை என்பதை உறுதி செய்து, சம்மதமும் தெரிவித்துவிட்டாரா?*

உறுதி செய்ய வேண்டியவர் நோயாளி. கேஸ் ஷீட்டோ, வார்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த ஊழியரோ, வெளியே நிற்கும் மகனோ இல்லை.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் இரண்டு முருகேசன்கள் படுத்திருப்பது அன்றாடம் நடப்பது. இருவருக்கும் குடலிறக்கம் என்றாலும் வியப்பில்லை. ஒருவருக்கு வலது, மற்றவருக்கு இடது. ஸ்ட்ரெச்சரில் வந்தவரைப் பார்த்து, "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பார். "ரைட் சைடுதானே?" என்றாலும் "ஆமாங்க"தான். காது மந்தம், பயம், டாக்டர் கேட்டால் தலையாட்ட வேண்டும் என்ற மரியாதை எல்லாம் சேர்ந்த ஆமாம் அது. அதை வைத்துக் கத்தியை எடுக்க முடியாது. கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "உங்க பேரு என்னங்கய்யா? அப்பா பேரு? எதுக்கு வந்திருக்கீங்க? எந்தப் பக்கம், கையை வச்சுக் காட்டுங்க." பெரியவர் "சோத்தாங்கைப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே அடிவயிற்றில் கை வைக்கும்போதுதான் இந்த வரி நிறைவேறுகிறது. எதிரே நிற்பவரின் வலது படுத்திருப்பவரின் இடது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நோயாளியின் கையைவிட நம்பகமான சாட்சி இல்லை.

சம்மதம் என்பது இன்னும் கனமான சொல். முந்தின இரவு பத்து மணிக்கு ஹவுஸ் சர்ஜன் நீட்டிய தாள்களில் கணவனோ மகனோ கையெழுத்துப் போட்டிருப்பார். உள்ளே வரும் அம்மாவுக்கோ "வயித்துல கட்டியாம், எடுக்கறாங்களாம்" என்பது மட்டும் தெரியும். கட்டியோடு கர்ப்பப்பையும் போகப்போகிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புற்றுநோய் என்ற சொல்லை வீடே சேர்ந்து மறைத்திருக்கும். அன்பினால் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு அவருடையது. அவர் வாயால் "இதை எடுக்கப்போறாங்கன்னு எனக்குத் தெரியும், சரின்னு சொன்னேன்" என்று வரவில்லையென்றால் இந்த வரிக்கு டிக் போட எவருக்கும் உரிமை இல்லை. அந்தப் பேச்சு வார்டிலேயே, பகலிலேயே, உட்கார்ந்து நடந்திருக்க வேண்டும். தியேட்டர் வாசலில் கேட்பது அது நடந்ததா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

*அறுவை செய்யும் இடத்தில் குறியிடப்பட்டுள்ளதா?*

அறுவை செய்பவரே, நோயாளி விழித்திருக்கும்போதே, மருந்தால் துடைத்தாலும் அழியாத மையால் குறியிட வேண்டும். கண், காது, சிறுநீரகம், முழங்கால், விதைப்பை என்று இரட்டையாக உள்ள எதற்கும் இது கட்டாயம். வேறு விளக்கம் தேவையில்லை.

*மயக்கக் கருவிகளும் மருந்துகளும் சோதிக்கப்பட்டனவா? பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டப்பட்டு வேலை செய்கிறதா?*

இந்தத் தாளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட கருவி அநேகமாக இது ஒன்றுதான். கோவிட் காலத்தில் நம் வீடுகளுக்குள்ளேயே வந்து, பாட்டிக்கும் பேரனுக்கும் விரலில் மாட்டிப் பார்க்கப்பட்ட அதே சின்னக் கவ்விதான். இதன் அடிப்படைத் தத்துவத்தை 1974-ல் ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் டகுவோ அவோயாகி வெளிப்படுத்தினார். கோவிட் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

இந்தக் கருவி வருவதற்கு முன் மயக்க மருந்து டாக்டர்கள் உதட்டின் நிறத்தையும் ரத்தத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் ஆக்சிஜன் குறைவதை ஊகித்தார்கள். உதடு நீலமாகத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். தியேட்டரில் இருக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் காட்டுவதில்லை. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒலி எழுப்புகிறது. ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமல் கை வேலையில் மூழ்கியிருப்பவரும் சுருதி இறங்கியதும் தலை நிமிர்வார். அந்த ஒலியைத் தொந்தரவு என்று குறைத்து வைக்கும் அரங்கு இந்த வரியை மீறுகிறது என்பேன். கருவிகூட இல்லாத அரங்குகள் உலகில் இருந்தன என்பதால் 2011-ல் லைஃப்பாக்ஸ் என்ற தொண்டு நிறுவனமே தொடங்கப்பட்டது.

இந்தக் கருவிக்கும் ஒரு குறை உண்டு. கறுப்பினத்தவருக்கு அது உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டிவிடும் வாய்ப்பு அதிகம் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம் தோலின் நிறத்தை நினைத்தால் 94 என்ற எண்ணைக் கண்டு உடனே நிம்மதி அடையக் கூடாது.

*ஒவ்வாமை உண்டா? மூச்சுக்குழாய் போடுவது கடினமாகுமா, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டா? 500 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் போகுமா?*

ஒவ்வாமை பற்றிக் கேட்கும்போது மருந்தின் பெயரைக் கேட்டுப் பயனில்லை. "எந்த ஊசி போட்டாச்சும் உடம்பு தடிச்சிருக்கா, மூச்சு முட்டியிருக்கா?" என்று கேட்டால் பதில் வரும்.

இரண்டாவது கேள்வி நம் நாட்டில் தனி முக்கியத்துவம் உடையது. பாக்கும் குட்காவும் ஆண்டுக்கணக்கில் மென்றவர்களுக்கு வாயின் உட்சுவர் நார்போல் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் போகும். அவருக்கு மயக்கம் கொடுத்தபின் குழாய் போக வழியில்லை என்று தெரிவது மிகப் பெரிய ஆபத்து. "வாயைத் திறங்க, ஆ காட்டுங்க" என்று முந்தின நாளே பார்த்திருக்க வேண்டும். ஆடும் பல்லும் பல்செட்டும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

500 மில்லி என்பது பெரியவர்களுக்கு. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 7 மில்லி. இந்த வேறுபாடு உயிர்காப்பது. பத்துக் கிலோ குழந்தைக்கு 70 மில்லி என்றால் நனைந்த சில பஞ்சுத் துணிகளோடு கணக்கு முடிந்துவிடும். ஆம் என்றால் இரண்டு பெரிய ஊசி லைன்களும் ரத்தமும் தயாராக இருக்க வேண்டும். ரத்தம் போன பிறகு வெளியே வந்து "ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க" என்று உறவினரை விரட்டும் நிலையைத் தடுக்கவே இந்த வரி.

இரண்டாம் பகுதி: கீறுவதற்கு முன்

*குழுவில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா?*

19 வரிகளில் மிகவும் கேலிக்கு உள்ளானது இதுதான். பத்து வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறோம், இவருக்கு அவரைத் தெரியாதா என்பார்கள். எனக்கு இந்தத் தாளின் இதயமே இந்த வரி என்று தோன்றுகிறது.

நம் தியேட்டரின் படிநிலையை நினைத்துப் பாருங்கள். மேலே சீஃப். அவருக்குக் கீழே அசிஸ்டென்ட், மயக்க மருந்து டாக்டர், பட்ட மேற்படிப்பு மாணவர், ஹவுஸ் சர்ஜன். பிறகு ஸ்டாஃப் நர்ஸ், டெக்னீஷியன், கடைசியில் தரையைத் துடைக்கும் அம்மா. சீஃப் பேசாதபோது யாரும் பேசுவதில்லை. தவறான பக்கத்தில் துணி விரிக்கப்படுவதைப் பயிற்சி நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டாலும், "சார்" என்று தொடங்குவதற்குள் நெஞ்சு உலர்ந்துவிடும். சாருக்குத் தெரியாததா, ஏதோ காரணம் இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

அதே பெண் ஐந்து நிமிடத்துக்கு முன் எல்லோர் காதிலும் விழும்படி தன் பெயரைச் சொல்லி, "இன்னைக்கு நான்தான் ஸ்க்ரப் நர்ஸ்" என்று சொல்லியிருந்தால்? அவள் குரல் ஏற்கெனவே ஒருமுறை அந்த அறையில் ஒலித்திருக்கிறது. சீஃப் அதைக் கேட்டிருக்கிறார். இரண்டாம் முறை பேசுவது அவ்வளவு கடினமில்லை. அறிமுகத்தை சீஃப் தொடங்கினால் இன்னும் நல்லது: "ஏதாவது சரியில்லன்னு பட்டா யாரா இருந்தாலும் சொல்லுங்க, நான் நிறுத்திடறேன்." இதைச் சொல்லப் பத்து விநாடி போதும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செக்லிஸ்ட்டை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்து 2014-ல் வெளிவந்த ஆய்வு பலரைத் திகைக்க வைத்தது. இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 ஆனது, அதைக் குறிப்பிடத்தக்க குறைவு என்று சொல்ல முடியவில்லை. பட்டியலை ஏறக்குறைய முழுமையாகப் பயன்படுத்துகிறோம் என்றே மருத்துவமனைகள் தெரிவித்திருந்தன. செக்லிஸ்ட்டால் பயனில்லை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. முதலில் சோதித்த எட்டு இடங்களில் குழுக்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்து, அந்தந்த இடத்து ஆய்வுக் குழுவினரே முன்னின்று செய்தார்கள்; ஒன்டாரியோவில் ஆணை வந்தது, தாள் வந்தது, டிக் விழுந்தது. வாய் பேசியதா என்பதை எந்தக் கணக்கும் எடுக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான் என்பது என் முடிவு.

*நோயாளி, இடம், அறுவை ஆகியவற்றை மூவரும் வாயால் உறுதிசெய்க. எதிர்பார்க்கும் இடர்களை அறுவை மருத்துவரும், மயக்க மருத்துவரும், செவிலியரும் தனித்தனியே சொல்க.*

முதல் பகுதியில் கேட்டதைத் திரும்ப ஏன் கேட்க வேண்டும்? அப்போது பேசிய நோயாளி இப்போது பேச முடியாது. முகமும் துணிக்குள் மறைந்துவிட்டது. இனி அவருக்காகப் பேச மூன்று பேர் வேண்டும்.

இடர்களில் செவிலியரின் பங்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கருவிகள் கிருமிநீக்கப்பட்டன என்பதற்கு அடையாளமான பட்டை நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்தவர் அவர் ஒருவரே. "எல்லாம் ரெடி" என்று பொதுவாகச் சொல்லாமல், "இண்டிகேட்டர் மாறியிருக்கு, பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும்.

*கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா? தேவையான படங்கள் கண்ணெதிரே உள்ளனவா?*

கத்தி தோலைத் தொடும் கணத்தில் மருந்து திசுவுக்குள் போதிய அளவில் இருக்க வேண்டும். வார்டில் காலை ஆறு மணிக்கே போட்டு அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்குக் கேஸ் எடுத்தால் போட்டும் பலனில்லை. கீறிய பிறகு போட்டால் தாமதம். ஆகவே போடும் இடம் தியேட்டர், போடுபவர் பெரும்பாலும் மயக்க மருந்து டாக்டர்.

மூலம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. அதன் தொடர்ச்சியை 2016-ல் அதே நிறுவனம் வெளியிட்ட அறுவைப்புண் தொற்று வழிகாட்டுதலில் பார்க்கலாம்: தடுப்புக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை அறுவை முடிந்தபின் நீட்டிக்க வேண்டாம். நம் ஊரில் இதற்கு நேர் எதிரான பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. சுத்தமான சிறு அறுவைக்கும் ஐந்து நாள் ஊசி, வீட்டுக்கு ஐந்து நாள் மாத்திரை. எழுதாவிட்டால் "ஒண்ணுமே எழுதித் தரல" என்று குடும்பம் வருந்தும். கிருமி இல்லாத இடத்தில் கொடுக்கும் மருந்து காயத்தைக் காப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்க்கிறது. அதே வழிகாட்டுதல் ரேசரால் மழிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசல். மழிக்காமல் விடலாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர்.

படங்களைப் பற்றி ஒரு சொல்: ஃபிலிமைத் திருப்பி மாட்டினால் இடது வலதாகும். பெயரையும் பக்கக் குறியையும் படித்துவிட்டு மாட்ட வேண்டும்.

மூன்றாம் பகுதி: அரங்கை விட்டுப் போகும் முன்

*என்ன அறுவை செய்யப்பட்டது என்பது பதியப்பட்டதா? கருவி, துணி, ஊசி எண்ணிக்கை சரியா?*

வயிற்றுக்குள் வைக்கும் மாப் ஐந்து ஐந்தாகக் கட்டி வரும். ஒவ்வொன்றின் மூலையிலும் நாடா. எக்ஸ்ரேயில் தெரிகிற இழை ஒன்று உள்ளே தைத்திருக்கும். தொடங்கும் முன் ஸ்க்ரப் நர்ஸும் வெளியே நிற்கும் நர்ஸும் சேர்ந்து சத்தமாக எண்ணுவார்கள்; பலகையில் எழுதுவார்கள். பாதியில் புதுக் கட்டு பிரித்தால் அதையும் கூட்டுவார்கள். ரத்தத்தில் ஊறிச் சுருண்ட மாப் ஒரு கைக்குட்டை அளவுக்குக் குறைந்து, குடல் மடிப்போடு மடிப்பாகக் கிடக்கும். கண்ணால் தேடினால் கிடைக்காது. கணக்கு மட்டுமே காட்டிக்கொடுக்கும். வயிற்றை மூடும் நேரத்தில் சீஃப் கையுறையைக் கழற்றிக்கொண்டே "கவுண்ட் ஓகேயா?" என்பார். ஒன்று குறைகிறது என்று சொல்ல வேண்டியவர் அந்த அறையில் அதிகாரம் குறைந்தவர். சொன்னால் எல்லோரும் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும். குப்பைவாளியைக் கொட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

உள்ளே பொருள் விடுபட்ட நிகழ்வுகளை கவாண்டேயும் உடனிருந்தோரும் 2003-ல் ஆராய்ந்தார்கள். அவசர அறுவையில் அந்த ஆபத்து ஒன்பது மடங்கு, எதிர்பாராமல் அறுவையின் திட்டம் மாறும்போது நான்கு மடங்கு என்று கண்டார்கள். கலக்கம் தருவது வேறொன்று: எண்ணிக்கை எடுத்தும் பொருள் விடுபட்ட நிகழ்வுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கணக்கு சரி என்றே பதிவாகியிருந்தது. அவசரத்தில் எண்ணிய கணக்கு எண்ணாததற்குச் சமம். எனவே நள்ளிரவு சிசேரியனில்தான் இந்த வரியை நிதானமாகக் கடக்க வேண்டும்.

*திசு மாதிரியில் நோயாளியின் பெயர் ஒட்டப்பட்டதா? கருவிக் கோளாறு ஏதும் உண்டா?*

பாட்டிலில் பெயர் மாறினால் இல்லாத புற்றுநோய் ஒருவருக்கு வந்துசேரும்; இருப்பவருக்கு இல்லையென்று ஆகும். லேபிளில் எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். கெட்டுப்போன கருவியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும், நாளைய நோயாளிக்காக.

*இவர் தேறுவதற்கு எதைக் கவனிக்க வேண்டும் என்று மூவரும் பேசிக்கொண்டார்களா?*

அறுவை செய்துகொண்டு 30 நாளுக்குள் இறப்பவர்கள் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 42 லட்சம் பேர் என்று 2019-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றும் சேர்ந்து கொல்வதைவிட அதிகம். கத்தியின் கீழ் இறப்பவர்கள் குறைவு. பிறகு, வார்டில், வீட்டில் இறப்பவர்களே மிகுதி. அப்படிப்பட்ட 30 நாளுக்கு இந்தத் தாள் ஒதுக்கியிருப்பது இந்த ஒரே வரி. "ராத்திரி யூரின் குறைஞ்சா கூப்பிடுங்க, பல்ஸ் 110 தாண்டினா கூப்பிடுங்க, இவருக்கு ஆஸ்துமா இருக்கு" என்று பெயர் குறித்து, எண் குறித்து வார்டு நர்ஸ் வரை அது போய்ச்சேர வேண்டும். "கேர்ஃபுல்லா பாத்துக்கோங்க" என்பது எதையும் சொல்வதில்லை.

தாளின் அடியில்

*இப்பட்டியல் முழுமையானது அன்று. அவரவர் இடத்துக்கு ஏற்பச் சேர்க்கவும் மாற்றவும் செய்யலாம்.*

19 வரிகளுக்கும் வெளியே, சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பு இது. படிப்பவர்கள் குறைவு. இதை நம்பித்தான் நமக்கு வேண்டியதைச் சேர்க்கிறேன்.

முதலில் பட்டினி. "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சைத் தண்ணி கூடாது" என்பது நம் வார்டுகளின் சட்டம். கேஸ் மதியம் இரண்டு மணிக்குப் போனால் எழுபது வயதுக்காரர் பதினாறு மணி நேரம் வாடிக் கிடப்பார். உணவுக்கும் பால் சேர்ந்த காபி, டீக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பதே பெரும்பாலான நோயாளிகளுக்குப் பொருந்தும் இன்றைய நெறி. "கடைசியா எப்ப, என்ன குடிச்சீங்க?" என்பதைத் திட்டாத குரலில் கேட்க வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்தால், பாவம் பார்த்து மகள் கொடுத்த அரை டம்ளர் பால் காபியைச் சொல்லாமல் மறைத்துவிடுவார்கள். எந்தெந்த மாத்திரை என்பதும் இதில் சேரும். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகளையும், டாபாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளையும் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எப்போது என்று டாக்டர் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து சாப்பிடுவதை நோயாளியும் சொல்ல வேண்டும்.

அடுத்தது குளிர். ஏசி அறையில் மெல்லிய துணியோடு கிடத்துகிறோம். பெருங்குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், உடல் குளிர விடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்குக் காயம் சீழ் பிடித்தது. கதகதப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கே. போர்வை கேட்பது நோயாளியின் செல்லம் என்று எண்ண வேண்டாம்.

மூன்றாவது பத்தியம். தண்ணீர் குடித்தால் சீழ் வைக்கும் என்று சிசேரியன் ஆன பெண்ணுக்குத் தொண்டை நனையவே மறுப்பார்கள். முட்டை, மீன், பருப்பு எல்லாம் விலக்கி ரசம் சாதமும் பிரெட்டும் பத்து நாள் ஓடும். காயம் ஆறுவது புரதத்தால். நீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று. இதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. சமைக்கும் மாமியாரையும் அம்மாவையும் உட்காரவைத்து, "அத்தை, நாளையில இருந்து இவளுக்கு முட்டை குடுங்க" என்று மரியாதையோடு சொல்ல வேண்டும்.

கடைசியாக டிஸ்சார்ஜ் சம்மரி. ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளோடு வரும் அந்தத் தாளின் பின்பக்கத்தைத் தமிழுக்குக் கொடுக்கலாம். காய்ச்சல், காயத்தில் நீர் வடிதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம் என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் எடுக்க ஆள் இருக்கும் எண்ணாக அது இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் முன் வார்டிலேயே உறவினரின் போனிலிருந்து ஒருமுறை அழைக்கச் சொல்லி, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.